பணம் 18 வயசுல இல்லைங்க, 8 வயசுல தேவை: கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்கு கோவையில் பள்ளி ஆதரவு தேடும் கணக்கு



குழந்தை படிப்புக்குச் சேமிப்புன்னு சொன்னாலே நம்ம மனசு நேரா 18 வயசுக்குப் போயிடும். இன்ஜினியரிங் சீட்டா, மெடிக்கல் சீட்டா, அன்னிக்கு ஃபீஸ் எவ்வளவு இருக்கும், இன்னிக்கு மாசம் எவ்வளவு எஸ்ஐபி போடணும்? நம்ம சேனல்லயும் அதிகமா வர்ற கேள்வி இதுதான்.

ஆனா சில வீடுகள்ல இந்தக் கணக்கு வேற மாதிரி வரும். அங்க பணம் தேவைப்படறது ரெண்டாவது, மூணாவது படிக்கும்போது. அதுவும் சரியான வரிசையில செலவு பண்ணணும். வரிசை மாறினா லட்சக்கணக்குல பணம் போகும், அதைவிட முக்கியமா குழந்தையோட நாலஞ்சு வருஷம் போயிடும்.

இன்னிக்கு நாம பேசப் போறது கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பள்ளியில சரியான ஆதரவு கிடைக்க வைக்கிறது பத்தி. உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னாலும் படிச்சு வைங்க. அக்கா பையனுக்கோ, ஆபீஸ் நண்பர் பொண்ணுக்கோ ஒரு நாள் உதவும்.

முதல்ல, இது என்ன?

உங்க பையன் மூணாவது படிக்கிறான்னு வைங்க. வாய்ல கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றான். கிரிக்கெட் ஸ்கோர் முழுக்க மனப்பாடம். ஆனா புத்தகத்தைக் கையில கொடுத்தா எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். போர்டுல இருக்கறதை எழுதி முடிக்கறதுக்குள்ள டீச்சர் அழிச்சுடறாங்க. நேத்து சரியா எழுதின வார்த்தை இன்னிக்குத் தப்பா வருது. ரிப்போர்ட் கார்டுல 'கவனம் போதாது'ன்னு இருக்கு.

இதுக்கு சோம்பேறித்தனம்தான் காரணம்னு எடுத்த எடுப்புல முடிவு பண்ணிடாதீங்க. வாசிப்புல வர்ற சிக்கல் டிஸ்லெக்சியா, எழுத்துல வர்றது டிஸ்கிராஃபியா, கணக்குல வர்றது டிஸ்கால்குலியா. மூணையும் சேர்த்து 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'ன்னு சொல்றாங்க. அறிவுத்திறனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 2007ல வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துல அந்தப் பையனுக்கு இருந்ததும் இதேதான்.

தமிழ்லயும் இது தெரியும். ல, ள, ழ குழப்பம் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்ச நாள் இருக்கும், அது சாதாரணம். இன்னொண்ணு கவனிங்க. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னாடி வருது, ஆனா அந்தச் சத்தம் பின்னாடி வருது. 'கொ'ன்னா முன்னாடி கொம்பு, பின்னாடி கால். மத்த பிள்ளைங்க ரெண்டாவது முடிக்கறதுக்குள்ள இதைப் பழகிடுவாங்க. உங்க குழந்தை மட்டும் வருஷக்கணக்கா, தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் தடுமாறினா பார்த்தே ஆகணும்.

வீட்டுல தாத்தாவும் பாட்டியும், "அவங்கப்பனும் எட்டாவது வரைக்கும் இப்படித்தானுங்க இருந்தான், பெருசானா சரியாயிடும்"னு சொல்வாங்க. அந்தப் பேச்சை ஆறுதலா எடுத்துக்காம தகவலா எடுத்துக்கோங்க. டிஸ்லெக்சியா குடும்பத்துல தொடர்ந்து வர வாய்ப்பு அதிகம். டாக்டர்கிட்ட அதை மறக்காம சொல்லுங்க.

பணம் எங்க ஒழுகுது?

பெரும்பாலான வீடுகள்ல செலவு இந்த வரிசையிலதான் போகும். முதல்ல டியூஷன். அடுத்து அபாகஸ், ஃபோனிக்ஸ் கிளாஸ். அப்புறம் 'மூளையைத் தூண்டற' ஏதாவது ஒரு கோர்ஸ். அதுக்கும் அப்புறம் ஸ்கூல் மாத்தறது, அதுவும் இன்னும் பெரிய ஃபீஸ் இருக்கற ஸ்கூலுக்கு. எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் மதிப்பீடு. அப்ப குழந்தை ஏழாவது, எட்டாவது போயிருக்கும். "நான் மக்கு"ன்னு அதுவே நம்ப ஆரம்பிச்சிருக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. நீங்க விசாரிச்ச தொகையைப் போட்டுப் பாருங்க.

- சாதாரண டியூஷன்: மாசம் 3,000 ரூபாய். வருஷம் 36,000. அஞ்சு வருஷத்துக்கு 1,80,000.
- ஸ்கூல் மாத்தறது: வருஷத்துக்குக் கூடுதல் ஃபீஸ் 1,20,000, சேரும்போது 50,000. அஞ்சு வருஷத்துக்கு 6,50,000.
- சிறப்புக் கல்வியாளர்: ஒரு வகுப்பு 600 ரூபாய், மாசம் 8 வகுப்பு. மாசம் 4,800. வருஷத்துக்கு 10 மாசம்னா 48,000. அஞ்சு வருஷத்துக்கு 2,40,000.
- ஒருத்தர் வேலையை விடறது: மாசம் 35,000 சம்பளம்னா வருஷம் 4,20,000. அஞ்சு வருஷத்துக்கு 21 லட்சம். பிஎஃப்பும் சம்பள உயர்வும் இதுல சேர்க்கலை.

கடைசி வரியை இன்னொரு தடவை பாருங்க. நம்ம ஊர்ல இந்த விஷயம் தெரிஞ்சதும் வீட்டுல முதல்ல வர்ற முடிவு, "நீ வேலையை விட்டுட்டுப் பிள்ளையைப் பாரு"ங்கறது. பெரும்பாலும் அம்மாதான் விடுவாங்க. சில குழந்தைகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்படலாம். ஆனா அந்த முடிவு மதிப்பீட்டுக்கு அப்புறம் வரட்டும். வாசிப்புச் சிக்கலுக்குத் தேவை பயிற்சி பெற்ற ஆசிரியர். பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் முடிக்க வைக்கிறது அதுக்கு மாற்று ஆகாது.

டியூஷனும் அப்படித்தான். கிளாஸ்ல புரியாத அதே முறையில சாயங்காலம் இன்னொரு தடவை சொல்லிக் கொடுப்பாங்க. குழந்தைக்கு வேண்டியது வேற முறை.

படி 1: மதிப்பீடு

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அறிவுத்திறன் சோதனையும் கற்றல் சோதனையும் எடுப்பாங்க. நம்ம நாட்டுல கற்றல் குறைபாட்டுக்கு அதிகமா பயன்படறது பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கின சோதனைத் தொகுப்பு. அதுக்கு முன்னாடி கண்ணு, காது ரெண்டும் செக் பண்ணிடுங்க. பார்வைக் குறைபாட்டை வாசிப்புக் குறைபாடுன்னு நினைச்சு அலையறதும் நடக்கும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உங்க சிஆர்ஆர் நம்பர் என்னங்க?" 1992ம் வருஷச் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் சிறப்புக் கல்வியாளரும் இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும். அந்தப் பதிவு எண்தான் சிஆர்ஆர் நம்பர். இது இல்லாம 'மூணே மாசத்துல குணப்படுத்தறோம்'னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. இது மாத்திரைல குணமாகற நோய் கிடையாது. சரியான முறையில சொல்லிக் கொடுத்தா குழந்தை தன் வழியைக் கண்டுபிடிச்சுக்கும்.

நல்ல ஆளை எங்க தேடறது? கோவைக்கு இதுல ஒரு வசதி இருக்கு. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவன வளாகத்துல சிறப்புக் கல்விக்குன்னே தனிப் புலம் இருக்கு. அவினாசிலிங்கம் நிறுவனத்துலயும் சிறப்புக் கல்வித் துறை இருக்கு. சிறப்புக் கல்வியாளர்களைப் பயிற்றுவிக்கிற இடங்கள் இவை. அங்க போய், "உங்ககிட்ட படிச்சவங்க யாராவது எங்க ஏரியால இருக்காங்களா?"ன்னு கேளுங்க. இணையத்துல வர்ற விளம்பரத்தை நம்பறதை விட இது நல்ல வழி. சென்னையில 1990கள்ல இருந்து இயங்கற மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் பெற்றோர், ஆசிரியர்களுக்கு வழிகாட்டுது.

அரசுப் பள்ளியில படிக்கிற குழந்தைன்னா முதல்ல வட்டார வள மையத்துக்குப் போங்க. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல அங்க சிறப்பு ஆசிரியர்கள் இருக்காங்க. கட்டணம் கிடையாது. 'ஐயோ அரசாங்கமா'ன்னு தள்ளி வைக்காதீங்க. ஃபீஸ் வாங்கற பல தனியார் பள்ளியில சிறப்புக் கல்வியாளர் ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க.

படி 2: காசு செலவில்லாத, ஆனா அதிக மதிப்புள்ள காகிதம்

தனியார் சைக்காலஜிஸ்ட் தர்றது மதிப்பீட்டு அறிக்கை. அதை வச்சு வகுப்புல எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்னு பேசலாம். ஆனா இட ஒதுக்கீடு மாதிரி சட்ட உரிமைகளுக்கு அரசு மருத்துவ அதிகாரிகள் தர்ற சான்றிதழ்தான் செல்லும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் அமல்ல இருக்கு. முன்னாடி இருந்த 1995 சட்டத்துல கற்றல் குறைபாடு பட்டியல்லயே கிடையாது. புதுச் சட்டத்தோட 21 வகைகள்ல அதுவும் ஒண்ணு. விண்ணப்பம் யுடிஐடி இணையதளத்துல, ஆதாரோட. அப்புறம் உங்க மாவட்ட அரசு மருத்துவமனையில பரிசோதனை. கோவையில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயும் விசாரிங்க. திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்க்காரங்களுக்கு அவங்கவங்க மாவட்டத்துலயே நல அலுவலகம் இருக்கு. 2024 விதித் திருத்தப்படி சான்றிதழ் தர மூணு மாசம் வரைக்கும் எடுத்துக்கலாம். அதனால பரீட்சை நெருங்கும்போது ஓடாதீங்க.

மூணு வயசை நாட்காட்டில குறிச்சு வைங்க: 8, 14, 18. மத்திய அரசோட வழிகாட்டு விதிகள்படி கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயசுக்கு முன்னாடி சான்றிதழ் தர மாட்டாங்க. 14ல மறுபடியும் பரிசோதனை. 18ல தர்றது வாழ்நாள் முழுக்கச் செல்லும். எட்டு வயசு வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காரணும்னு இதுக்கு அர்த்தமில்லை. சந்தேகம் வந்த அன்னிக்கே பயிற்சியை ஆரம்பிக்கலாம்.

இந்தச் சான்றிதழால என்ன கிடைக்கும்?

- மாநிலப் பாடத்திட்டப் பொதுத் தேர்வுல கூடுதல் நேரம், சொல்றதை எழுதிக் கொடுக்க ஒரு ஆள், மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகைகள். பள்ளி மூலமாத்தான் விண்ணப்பிக்கணும்.
- சிபிஎஸ்இல மணிக்கு 20 நிமிஷம் கூடுதல், அதாவது மூணு மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுத ஆள், பாடத் தேர்வுல தளர்வு இதெல்லாமும் உண்டு.
- 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்களுக்குப் போட்டியிடலாம்.
- அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதுல ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கறவங்களுக்குச் சேர்த்து.

"எங்க பையனுக்கு 40 வரலையே"ன்னு விட்டுடாதீங்க. விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்குல 2021 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு: எழுதறதுல சிரமம் இருக்கறவங்களுக்கு, 40 சதவீதம் இல்லைங்கற ஒரே காரணத்தைச் சொல்லி எழுத ஆள் தர மறுக்கக் கூடாது. 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசும் இதுக்குத் தனி வழிகாட்டுதல் கொடுத்திருக்கு.

"சான்றிதழ் வாங்கினா முத்திரை குத்திடுவாங்களே, நாளைக்குக் கல்யாணத்துக்குப் பிரச்சனை ஆகுமே"ங்கற பயம் நம்ம பக்கம் நிறைய. நியாயமான பயம்தான். ஆனா இந்தக் காகிதம் உங்க பீரோல இருக்கப் போகுது, தேவைப்படற இடத்துல மட்டும் நீங்க காட்டலாம். சான்றிதழ் இல்லாத குழந்தைக்கும் முத்திரை குத்தத்தான் செய்யறாங்க. சோம்பேறி, மக்கு, திமிருன்னு. அது எல்லார் முன்னாடியும் நடக்குது.

படி 3: பள்ளியோட பேசறது

கொங்கு மண்டலத்துல ஸ்கூல் தேர்ந்தெடுக்கறதுன்னா முதல் கேள்வி 'பத்தாவது ரிசல்ட் எப்படி?' இந்தக் குழந்தைக்கு அந்தக் கேள்வியை மாத்தணும். ரிசல்ட்டுக்காகவே நடத்தற பள்ளி, ரிசல்ட்டைக் குறைக்கும்னு நினைக்கிற குழந்தையை ஒன்பதாவதுல வெளிய அனுப்பப் பார்க்கும்.

சட்டம் என்ன சொல்லுது? 2016 சட்டத்தோட 16வது பிரிவுப்படி அரசு நிதி பெறுற பள்ளி மட்டுமில்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கணும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறியறதும் பள்ளியோட கடமை. தனியார் மெட்ரிக் பள்ளிக்கும் இது பொருந்தும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடியற வரைக்கும் எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. "நீங்களே டிசி வாங்கிக்கோங்க"ன்னு வாய்ல சொன்னா, "எழுத்துல கொடுங்க சார்"னு பணிவா கேளுங்க. பல இடத்துல பேச்சு அங்கயே நின்னுடும். நிக்கலைன்னா முதன்மைக் கல்வி அலுவலர், அதுக்கு மேல மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

சேர்க்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வி கேளுங்க:

1. சிறப்புக் கல்வியாளர் முழுநேரமா இருக்காங்களா, வாரத்துக்கு ஒரு நாள் வந்து போறாங்களா? ஆரம்ப வகுப்புகள்ல இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருத்தர்ங்கறது 2022ல மத்திய அரசு அறிவிச்ச விகிதம்.
2. என் குழந்தைக்குத் தனித் திட்டம் எழுதித் தருவீங்களா?
3. வகுப்புத் தேர்வுலயும் கூடுதல் நேரம் தருவீங்களா, பத்தாவதுல மட்டும்தானா?
4. வாய்மொழியா பதில் சொல்ல அனுமதி உண்டா?
5. இப்படிப்பட்ட எத்தனை குழந்தைங்க உங்ககிட்ட பத்தாவது முடிச்சிருக்காங்க?

மூணாவது கேள்வியை விட்டுடாதீங்க. எழுத ஆள் வச்சுச் சொல்றதுக்கும் பழக்கம் வேணும். நேரா பொதுத் தேர்வுல போய் உக்காந்தா குழந்தை திணறிடும்.

வழக்கமான பள்ளி எதுவுமே ஒத்து வரலைன்னா என்ஐஓஎஸ் இருக்கு. மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி வாரியம். பாடங்களை நாமளே தேர்ந்தெடுத்து, அஞ்சு வருஷத்துல ஒன்பது வாய்ப்புக்குள்ள ஒவ்வொரு பாடமா எழுதி முடிக்கலாம்.

படி 4: பணத்தை எங்க வைக்கிறது?

இங்கதான் சம்பளக்காரங்க மாட்டிக்கறோம். குழந்தை பேர்ல போட்ட பணம் எல்லாம் பூட்டி இருக்கும். செல்வமகள் திட்டத்துல 18 வயசு ஆகணும், இல்ல பத்தாவது முடிச்சிருக்கணும், அப்பவும் 50 சதவீதம்தான் எடுக்கலாம். பிபிஎஃப் 15 வருஷம். இன்சூரன்ஸ் கம்பெனியோட 'சைல்டு பிளான்' பாதில நிறுத்தினா நஷ்டம். உங்க குழந்தைக்கோ இப்பவே மாசம் 5,000 தேவை.

அதனால குழந்தை சின்னதா இருக்கும்போதே படிப்பு நிதியை ரெண்டாப் பிரிங்க. ஒரு பங்கு 18 வயசுக்கு, அது ஈக்விட்டி ஃபண்டுல ஓடட்டும். இன்னொரு பங்கு 6ல இருந்து 12 வயசுக்கு, அது ஆர்டி, லிக்விட் ஃபண்டு மாதிரி எப்ப வேணும்னாலும் எடுக்கற இடத்துல இருக்கட்டும். இலக்கு ஒரு வருஷப் பயிற்சிச் செலவும் மதிப்பீட்டுச் செலவும். நம்ம உதாரணத்துல சுமார் 60,000. ரெண்டு வருஷத்துல சேர்க்க மாசம் 2,500 போதும். குழந்தைக்கு எந்தச் சிக்கலும் இல்லையா? ரொம்ப சந்தோஷம், அந்தப் பணத்தையும் 18க்குத் தள்ளி விடுங்க.

வரி, இன்சூரன்ஸ்: எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க

'80டிடில 75,000 கழிவு கிடைக்கும்'னு வாட்ஸ்அப்ல சுத்தும். மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, அது பழைய வரி முறையில மட்டும். இப்ப புது முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரியே வராதுங்கறதால பல பேருக்கு அந்தக் கழிவால பிரயோஜனம் இல்லை. ரெண்டு, 40 சதவீதச் சான்றிதழ் வேணும். மூணு, 1961ம் வருஷ வரிச் சட்டத்தோட அந்தப் பிரிவு, குறைபாடுன்னா என்னன்னு சொல்ல 1995 சட்டத்தைத்தான் கைகாட்டுது. ஆட்டிசம், பெருமூளை வாதம் மாதிரி சிலதைப் பின்னாடி சேர்த்தாங்க. கற்றல் குறைபாட்டை அது பேர் சொல்லிக் குறிப்பிடலை. அதனால ஆடிட்டர்கிட்ட கேட்காம க்ளைம் பண்ணாதீங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம்ங்கறதால பிரிவு எண்களும் மாறுது.

80சில ஸ்கூல் டியூஷன் ஃபீஸ் வரும், அதுவும் பழைய முறையில. தனியா சிறப்புக் கல்வியாளருக்குக் கொடுக்கற பணம் அதுல வராது.

'நிராமயா'ங்கற ஒரு லட்ச ரூபாய் அரசு மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்குத்தான். கற்றல் குறைபாடு மட்டும் இருந்தா கிடையாது. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரில சேர்ந்தாத்தான் தரும். ஆனா எச்ஆர்கிட்ட ஓபிடி பயன், ஆலோசனைச் சேவை, நேரத் தளர்வு இந்த மூணையும் கேட்டுப் பாருங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் அஞ்சு மணிக்குக் கிளம்ப அனுமதி கிடைச்சாலே ஒருத்தர் வேலையை விடற பேச்சு நின்னு போகலாம்.

இந்த வாரம் பண்ண வேண்டியது

- குழந்தையோட கடைசி ரெண்டு வருஷ நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைங்க. தூக்கிப் போடாதீங்க, மதிப்பீட்டுக்கு உதவும்.
- கண், காது பரிசோதனை முடிங்க.
- வகுப்பு ஆசிரியர்கிட்ட, "எங்க தடுமாறுறான்?"னு கேளுங்க. "எவ்வளவு மார்க்?"னு கேட்க வேண்டாம்.
- சிஆர்ஆர் நம்பர் இருக்கற ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட தேதி வாங்குங்க.
- குழந்தைக்கு எட்டு வயசு ஆயிடுச்சுன்னா யுடிஐடி விண்ணப்பம் போடுங்க.
- அதுவரைக்கும் புது டியூஷன், புது ஸ்கூல், புது கோர்ஸ் எதுக்கும் பணம் கட்டாதீங்க.

அப்புறம் ஒண்ணு, இதுக்குச் செலவே கிடையாது. இன்னிக்கு ராத்திரி குழந்தைகிட்ட, "உனக்குப் படிக்கக் கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியும், அது உன் தப்பு இல்ல"ன்னு சொல்லுங்க. நீங்க மதிப்பீடு, சான்றிதழ்னு அலைஞ்சு முடிக்க மாசக்கணக்கு ஆகலாம். அந்த மாசமெல்லாம் குழந்தை தினமும் அதே வகுப்புல போய் உக்காந்தாகணும்.

உங்க ஊர்ல வட்டார வள மையத்துலயோ, பள்ளியிலயோ கிடைச்ச அனுபவத்தைக் கமெண்ட்ல எழுதுங்க. இன்னொரு பெற்றோருக்கு அது ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தும்.